அளவுகோலும் ஊன்றுகோலும்

1

ஏரிக்கு நடுவே ஒரு திட்டு தெரிந்தால், அதை யாரோ செய்து வைத்திருப்பார்கள் என்று நமக்குத் தோன்றுவதில்லை. தண்ணீர் இறங்கினால் தெரியும், ஏறினால் மறையும், நடுவில் கொக்கு வந்து உட்காரும். அவ்வளவுதான் அதன் வரலாறு. மழைக்காலம் முடிந்த கையோடு திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர் என்று மின்சார ரயிலில் போனால், தண்ணீர் நிற்கும் இடங்களில் இந்த மாதிரி மேடுகளைப் பார்க்கலாம். தூர் வாரிய மண்ணைக் குவித்ததாக இருக்கலாம், பழைய கரையின் மிச்சமாக இருக்கலாம், தானாக ஒதுங்கிய வண்டலாகவும் இருக்கலாம். யாரும் கேட்பதில்லை.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, லூயிஸ் என்ற தீவிலும் யாரும் அதிகம் கேட்காமல்தான் இருந்தார்கள். அங்கே ஏரிகளுக்குள் வட்டவட்டமாகச் சின்னச் சின்னத் தீவுகள் உண்டு. கல்லும் மரமும் கொட்டி மனிதர்கள் கட்டியவை. ‘க்ரானாக்’ என்று பெயர். ஸ்காட்லாந்து முழுக்க ஏறக்குறைய 600 இருக்கின்றன. பெரும்பாலானவை இரும்புக் காலத்தவை, அதாவது பொ.மு. 800க்குப் பிறகு கட்டியவை என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2012 வாக்கில் கிறிஸ் மரே என்ற முன்னாள் கடற்படை முக்குளிப்பாளர் அப்படி ஒரு தீவைச் சுற்றித் தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தார். ஏரியின் அடியில் மண்பானைகள் கிடந்தன. சில கிட்டத்தட்ட முழுசாகவே இருந்தன. அவற்றின் வேலைப்பாடு இரும்புக் காலத்தது அல்ல, புதிய கற்காலத்தது.

பிறகு டங்கன் காரோ, ஃப்ரேசர் ஸ்டர்ட் என்ற இரு தொல்லியலாளர்கள் அங்கே முறையாக அளவெடுத்தார்கள். ஏரியின் அடித்தளத்தை வரைபடமாக்கினார்கள், நீருக்கடியில் படமெடுத்தார்கள், மிகச் சிறிய அளவில் தோண்டினார்கள். 2019இல் ‘ஆன்டிக்விட்டி’ ஆய்விதழில் முடிவுகள் வந்தன. பொ.மு. 3640க்கும் 3360க்கும் இடைப்பட்ட காலம். ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்களை நிறுத்துவதற்குப் பல நூறு வருடங்கள் முன்பே அந்த மனிதர்கள் ஏரிக்குள் கல்லைக் கொண்டுபோய்ப் போட்டு ஒரு தீவை உண்டாக்கியிருக்கிறார்கள். பானைகளைத் தவறவிடவில்லை, வேண்டுமென்றேதான் தண்ணீரில் இட்டிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் எண்ணம்.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தோன்றிய கேள்வி தொல்லியல் சார்ந்தது அல்ல. ஐயாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் ஒருவர் ஒரு பானையைத் தண்ணீரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை வெளியே எடுத்து அளந்து எண் போட நமக்கு என்ன உரிமை? இன்னொரு பக்கம், அளக்காமல் விட்டால் அது நல்லதுதானா?

2

முதலில் தண்ணீரைப் பற்றி. மரத்தை உளுக்க வைக்கிற பூஞ்சைக்குக் காற்று வேண்டும். சேற்றுக்குள், அசையாத நீருக்குள் காற்று போய்ச் சேர்வதில்லை. அதனால் கரையில் பத்து வருடம் தாங்காத மரம், ஏரியின் அடியில் ஆயிரக்கணக்கான வருடங்கள் கிடக்கும். ஸ்காட்லாந்தின் டே ஏரியில் ஓக்பேங்க் என்ற இடத்தில் ஒரு மரப் பாத்திரம் கிடைத்தது. ஏறக்குறைய 2500 வருடம் பழையது. அதில் வெண்ணெயின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ராஜாக்களின் பெயர்கூட மிஞ்சாத ஓர் ஊரில் யாரோ கடைந்த வெண்ணெய் மிஞ்சியிருக்கிறது.

நம் தச்சர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. மரத்தைக் குளத்தில் ஊறப்போட்டு எடுத்து வேலை செய்தவர்கள் அவர்கள். காஞ்சிபுரத்துக்கும் இது தெரியும். வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில், நீராழி மண்டபத்துக்குக் கீழே அத்தி மரத்தாலான வரதர் நீருக்குள் இருக்கிறார். 40 வருடத்துக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 1939, 1979, கடைசியாக 2019. நீராழி மண்டபம் என்பதும் ஒரு செயற்கைத் தீவுதான். குளத்தைத் தோண்டும்போதே நடுவில் தண்ணீர் சூழ நிற்க ஓர் இடத்தைத் திட்டமிட்டுக் கட்டுவது.

பக்தி இருக்கிறதோ இல்லையோ, அந்த ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். ஒரு தலைமுறை பார்க்கிறது, பிறகு தானே முன்வந்து மூடி வைக்கிறது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் கூட்டம் அலைமோதியது. ‘இன்னும் கொஞ்ச நாள் வெச்சிருக்கலாமே’ என்ற குரலும் எழுந்தது. ஆனாலும் திரும்ப உள்ளே போனார். அடுத்த முறை 2059. இன்று வரிசையில் நின்ற பலர் அன்று இருக்க மாட்டார்கள். பார்ப்பதற்கு ஒரு முறை, மறைத்து வைப்பதற்கு ஒரு முறை என்று இரண்டையும் சேர்த்தே ஒரு வழக்கம் வைத்திருக்கிறது.

நவீன அறிவுக்கு இந்த இரண்டாவது முறை கஷ்டம். பார்த்துவிட்டால் முழுசாகப் பார்க்க வேண்டும், எடுத்துவிட்டால் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது அதன் பழக்கம்.

3

தமிழில் ‘அளத்தல்’ என்ற சொல்லே கொஞ்சம் பயமுறுத்துவது. உலகளந்த பெருமாளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றடி மண் கேட்டு வந்தவர் இரண்டே அடியில் எல்லாவற்றையும் அளந்துவிட்டார். மூன்றாவது அடிக்கு மகாபலி தன் தலையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கதையில் அளப்பதும் எடுத்துக்கொள்வதும் ஒரே செயல். கால் பட்ட இடம் கைவிட்டுப் போன இடம்.

சோழர்கள் நிலத்தை அளந்த கோலுக்கும் ‘உலகளந்த கோல்’ என்றே பெயர். வரிக்காக அளந்தார்கள். ஆனால் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு, அதிலிருந்து ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சேரிகள், சுடுகாடு எல்லாவற்றையும் வரியில்லாத நிலமாகக் கழிக்கிறார்கள். எடுப்பதற்காகப் போட்ட கணக்கிலும் தொடக்கூடாததற்கு ஒரு இடம் இருந்தது. அந்தக் கணக்கு நியாயமானது என்று சொல்லவில்லை. சேரியைத் தனியாக எழுதியதில் இருக்கும் பிரிவினையை மறக்கவும் முடியாது. ஆனால் அளந்த பிறகு கழிக்கவும் வேண்டும் என்ற எண்ணம் அங்கே இருந்தது.

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். இன்றைய திருவள்ளூர் உள்ளிட்ட அன்றைய செங்கல்பட்டுச் சீமையில் 1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பார்னார்டு ஏறக்குறைய 2000 ஊர்களை அளந்தார். எந்த ஊரில் எவ்வளவு நிலம், எவ்வளவு ஏரி, எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு மானியம் என்று எல்லாம் பதிவாயிற்று. நோக்கம் வருவாய்தான். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெருங்கணக்கின் தொடக்கம் அது.

இந்த வரலாறெல்லாம் படிக்காதவர்களுக்கும் அதன் சாரம் தெரியும். ‘சர்வேயர் வந்துட்டாருன்னா அண்ணன் தம்பி பிரியப் போறாங்கன்னு அர்த்தம்’ என்று கிராமத்தில் சொல்வார்கள். வேப்பம்பட்டுப் பக்கம் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. நேற்று வரை நெல் வயலாக இருந்த இடத்தில் வரிசையாக மஞ்சள் பூசிய கற்கள் நட்டிருக்கும். ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம் என்று போர்டு வைத்திருக்கும். டேப் பிடித்தவர்கள் வந்துபோன பிறகு அந்த இடம் பழைய பெயரில் இருக்காது. களத்துமேடு, பனந்தோப்பு என்று கூப்பிட்டதெல்லாம் போய் மனை எண் 14, மனை எண் 15 ஆகிவிடும்.

ஆகவே ஏரித் திட்டை அளக்க யாராவது வந்தால் ஊர் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. அனுபவம் அப்படி.

4

அப்படியென்றால் அளக்காமல் விட்டுவிடலாமா? தண்ணீருக்குள் கிடப்பது தண்ணீருக்குள்ளேயே கிடக்கட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாமா?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த யோசனையில் ஒரு ஓட்டை உண்டு. நாம் விட்டுவிட்டால் மற்றவர்களும் விட்டுவிடுவார்கள் என்று அது நம்புகிறது.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் ஸ்டார் கார் என்று ஒரு இடம். ஏறக்குறைய 11,000 வருடங்களுக்கு முன்னால் ஒரு ஏரிக்கரையில் வேட்டைக்காரர்கள் மரப்பலகைகளைப் பரப்பி மேடை கட்டி வாழ்ந்த இடம். 1949 முதல் 1951 வரை கிரகாம் கிளார்க் அதில் ஒரு பகுதியைத் தோண்டினார். மீதி மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும் என்பதுதான் நம்பிக்கை. யாரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அதை அழிக்க வரவில்லை. சுற்றியிருந்த விவசாய நிலத்துக்காகத் தண்ணீரை வடித்தார்கள், அவ்வளவுதான். நிலத்தடி நீர் இறங்கியது. காற்று உள்ளே போனது, மண் அமிலமானது. பல வருடம் கழித்துத் திரும்ப வந்து பார்த்தபோது, முன்பு உறுதியாக இருந்த எலும்பு கூழ் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் 2013 முதல் 2015 வரை பெரிய அளவில் தோண்டி எடுத்தார்கள்.

நம் ஏரிகளில் இவ்வளவு மெதுவாக எதுவும் நடப்பதில்லை. சவுடு மண் அள்ள அனுமதி கிடைத்தால் பொக்லைன் இறங்கும், டிப்பர் லாரிகள் வரிசையாக நிற்கும். மண் எங்கேயோ ஒரு ரோட்டுக்கு அடியில் போய்விடும். அதில் பானை ஓடு இருந்ததா, உறைகிணற்றின் வளையம் இருந்ததா என்று லாரிக்காரரிடம் கேட்க முடியாது. அது அவர் வேலையும் இல்லை. இந்த மாவட்டத்தின் மண்ணில் ஒன்றும் இல்லை என்று சொல்லவும் முடியாது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டார்கள். பிறகு சாந்தி பப்புவும் குழுவினரும் அதே இடத்தில் வருடக்கணக்கில் ஆராய்ந்து, அங்கே கிடைத்த கைக்கோடாரிகள் 15 லட்சம் வருடம் பழையவை என்று 2011இல் நிறுவினார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் பட்டரைப்பெரும்புதூரில் 2015-16இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது உறைகிணறு வெளிப்பட்டது.

அத்திரம்பாக்கம் மிஞ்சியதற்கு ஒரு காரணம், அதை ஒருவர் எழுதி வைத்தது. எழுதி வைத்திருந்ததால் நூற்று ஐம்பது வருடம் கழித்தும் இன்னொருவர் தேடி வந்தார். பதிவில் இல்லாத இடத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ‘அங்க ஒண்ணுமே இல்லியே சார், வெறும் மண்ணு’ என்ற ஒரே வாக்கியத்தில் அது முடிந்துபோகும்.

அளக்காமல் விடுவது கை சுத்தமான செயல் இல்லை. டெண்டர் எடுத்தவர் அளந்துவிட்டார். அவர் அளவு கன மீட்டரில் இருக்கிறது.

5

சரி, காப்பாற்றுவதற்காகவே அளந்தால்?

அதற்கும் சட்டம் இருக்கிறது. 2007ஆம் வருடத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் ஏரிகளை அளக்கச் சொல்கிறது, எல்லையைக் குறிக்கச் சொல்கிறது, ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றச் சொல்கிறது. நல்ல சட்டம்தான். நான் அதற்கு எதிரி இல்லை. ஏரி இல்லாமல் இந்த ஊர்களுக்கு வாழ்வு இல்லை.

ஆனால் எல்லைக்கல் நட்ட பிறகு முதலில் இடிபடுவது யாருடைய வீடு? கலங்கல் ஓரத்தில் தகரம் போட்டுக் குடியிருப்பவர்களுடையது. வரத்துக்கால்வாயை மூடிக் கட்டிய பெரிய காம்பவுண்டுச் சுவருக்கு வழக்கறிஞர் இருப்பார், தடை உத்தரவு இருக்கும். கோடு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் விழும் எடை ஒன்று இல்லை.

அளவு நடுநிலையானது, அதைப் பயன்படுத்துபவர்தான் நல்லவர் கெட்டவர் என்று ஒரு வாதம் உண்டு. கத்தியை வைத்துப் பழமும் நறுக்கலாம் என்ற வாதம். எனக்கு அது போதவில்லை. அளப்பவர் யார் பேச்சைக் கேட்டு எங்கே கோட்டைத் தொடங்கினார், எதைக் கழித்தார், எதை எழுதவே இல்லை என்பதெல்லாம் கோல் கீழே வைக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. ‘காலி இடம்’ என்று எழுதுவதும் ஒரு முடிவு. ஆடு மேய்ப்பவருக்கு அது காலி இடம் இல்லை.

6

வேப்பம்பட்டுக்கு மேற்கே, திருவள்ளூரைத் தாண்டினால் பூண்டி நீர்த்தேக்கம். சென்னையின் குடிநீருக்காக 1944இல் கட்டி முடித்தது. அதற்கு முயற்சி எடுத்த சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயரில்தான் சத்தியமூர்த்தி சாகர் என்று அழைக்கிறார்கள். அந்த நீருக்குள் போன ஊர்களில் ஒன்று திருவெண்பாக்கம். தேவாரப் பாடல் பெற்ற தலம். நீர்த்தேக்கம் வந்ததால் கோயிலைப் பூண்டியில் எழுப்பினார்கள். ஊன்றீஸ்வரர் கோயில் என்று இன்றும் இருக்கிறது.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை. கண் பார்வை போன சுந்தரர் இங்கே வந்து, கோயிலில் இருக்கிறீரா என்று சிவனிடம் கோபமாகக் கேட்கிறார். பார்வை திரும்பவில்லை. ஒரு ஊன்றுகோல் கிடைக்கிறது. அதைத் தட்டிக்கொண்டு காஞ்சிபுரத்தை நோக்கி நடக்கிறார்.

கண் தெரியாதவரின் கோலும் நிலத்தை அளக்கிறது. இங்கே பள்ளம், இங்கே கல், இங்கே ஈரம் என்று அடிக்கு அடி தெரிந்துகொள்கிறது. ஆனால் தட்டிய இடம் எதுவும் அவருக்குச் சொந்தமாவதில்லை. கடந்து போவதற்காகத் தெரிந்துகொள்கிறார். தவறாக மிதித்தால் விழப்போவது தான்தான் என்பதால் கவனமாகத் தட்டுகிறார். உலகளந்த கோலுக்கும் இந்த ஊன்றுகோலுக்கும் உள்ள வித்தியாசம் நீளத்தில் இல்லை. பிழை நேர்ந்தால் அடி யாருக்கு விழுகிறது என்பதில் இருக்கிறது.

திருவெண்பாக்கத்துக்குப் பாட்டு இருந்தது, அதனால் மூழ்கிய பிறகும் பெயர் நிலைத்தது. பாட்டில் ஏறாத வீடுகளும் களங்களும் கிணறுகளும் அந்த நீருக்குள் இருந்திருக்கும். அவற்றுக்கும் ஒரு வரைபடம் வேண்டும் என்று நினைப்பது வீண் ஆசையா? லூயிஸ் தீவின் ஏரிக்குள் பானை இட்டவர்களுக்கும் பாட்டு கிடையாது. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு முக்குளிப்பாளரின் ஆர்வமும், அவசரப்படாமல் அளந்த சிலரின் பொறுமையும்தான்.

7

இதற்கு ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. ‘குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல பழைய கல்லுக்கு என்னப்பா அவசரம்?’ 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டே போயின. பூண்டியும் தப்பவில்லை. அடுத்த மாதம் காஞ்சிபுரத்தில் நீருக்குள்ளிருந்து வந்த வரதரைப் பார்க்க லட்சக்கணக்கில் போனோம். நீருக்குள்ளிருந்து ஒன்று வெளியே தெரிந்தால் அது திருவிழாவாகவும் இருக்கலாம், பஞ்சமாகவும் இருக்கலாம் என்று ஒரே கோடையில் பார்த்தோம். அந்த நேரத்தில் ஏரிக்குள் தெரிந்த மேட்டை யாராவது அளந்துகொண்டு நின்றிருந்தால் எனக்கும் எரிச்சல் வந்திருக்கும்.

ஆனால் தண்ணீரையும் பழையதையும் எதிரெதிராக நிறுத்துவது பொய்யான போட்டி. ஏரிக்குள் தண்ணீர் நிற்கிறவரைதான் அடியில் இருக்கும் மரமும் ஓடும் பிழைக்கும். ஏரியைக் காப்பது இரண்டையும் காப்பது. ஏரியை மனையாக்கினால் இரண்டும் போகும். இறந்தவர்களுக்கு நம்மிடம் தேவை எதுவும் இல்லை என்பதும் சரிதான். வெண்ணெயைத் திருப்பிக் கேட்டு யாரும் வரப்போவதில்லை. கடன் அவர்களுக்கு இல்லை, நமக்குப் பிறகு வந்து ‘இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?’ என்று கேட்கப் போகிறவர்களுக்கு.

அளப்பவர் ஒரு சாட்சியாகிறார் என்று நினைக்கிறேன். பஞ்சாயத்தில் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டவர் பாதியில் எழுந்து போக முடியாது. நான் பார்த்தேன் என்று சொன்ன பிறகு, பார்த்ததற்குப் பொறுப்பு வந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தானாக வருகின்றன. ஒன்று, எல்லாவற்றையும் எடுக்கக்கூடாது. தோண்டிப் படிப்பது என்பது ஓலையைப் படித்த கையோடு அடுப்பில் வைப்பது மாதிரி, இரண்டாவது முறை படிக்க முடியாது. நம்மைவிட நல்ல கருவியும் நல்ல கேள்வியும் வைத்திருக்கப் போகிறவர்களுக்கு ஒரு பங்கை நீருக்குள்ளேயே விட வேண்டும். இரண்டு, வரைபடம் முதலில் போய்ச்சேர வேண்டிய இடம் அந்த ஊர். அந்த ஊர்க்காரர் படிக்கிற மொழியில், அவர் வைத்திருக்கிற பெயர்களோடு. மூன்று, அந்த இடத்துக்கு ஆபத்து வந்தால் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். நிற்கத் தயாராக இல்லாதவர் அளக்காமல் இருப்பதே மேல், ஏனென்றால் அவர் வரைந்த கோட்டை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவதுதான் கஷ்டம். ஆய்வுக்கு நிதி கிடைக்கும், பட்டம் கிடைக்கும். பத்து வருடம் கழித்து லாரிக்கு முன்னால் நிற்க நிதி கிடைக்காது. அறிவு நல்லது என்று நாம் சும்மா சொல்லிக்கொள்கிறோம். தெரிந்துகொண்டதற்கு மறுநாள் என்ன செய்தோம் என்பதில்தான் அது நல்லதா இல்லையா என்பது இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் பலர் தொல்லியலாளர்கள் அல்ல. ஆனால் கையில் இருக்கும் போனிலேயே வருவாய்த்துறையின் இணையதளத்தில் உங்கள் ஊர் ஏரியின் சர்வே எண்ணைப் பார்க்க முடியும். புறம்போக்கு என்றும் ஏரி என்றும் எழுதியிருக்கும், பரப்பு ஹெக்டேரில் இருக்கும். அந்தப் பதிவேட்டில் திட்டு என்று எதுவும் இருக்காது. மதகுக்குப் பக்கத்துப் பாறைக்குப் பெரியவர்கள் வைத்த பெயர் இருக்காது, கோடையில் தெரிகிற பழைய கல்வரிசை இருக்காது. அதையெல்லாம் கேட்டு, தேதி போட்டு, படத்தோடு எழுதி வைக்க அனுமதி எதுவும் தேவையில்லை. எதையும் தோண்டவும் வேண்டாம், வீட்டுக்கு எடுத்து வரவும் வேண்டாம். எழுதி வைத்த பிறகு அந்த ஏரிக்கு ஏதாவது நடந்தால், தெரியாது என்று மட்டும் உங்களால் சொல்ல முடியாது.